கயிறு கட்டினால் குடி நிற்குமா?



ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமக் கோயில்களில் அமாவாசையன்று காலையில் போய் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஆலை வேலைக்காரன், லாரி ஓட்டுகிறவன், கல் குவாரிக் கூலி, ரோஜாத் தோட்டத்து ஆள் என்று பலதரப்பட்டவர்களும் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம் தாயார், ஒரு பக்கம் பெண்சாதி. பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தி, அதன்மேல் கையை வைத்து, "இனி குடிப்பதில்லை, குடித்தால் இந்தச் சாமி என்னைக் கொண்டு போகட்டும்" என்று சத்தியம் வாங்குவான். பிறகு எலுமிச்சம்பழம், திருநீறு, மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு. அதற்கு ஒரு தட்சிணை. தமிழ் பேசுகிறவனுக்கு முனியப்பன், கன்னடம் பேசுகிறவனுக்கு முனேஸ்வரன், தெலுங்கு பேசுகிறவனுக்கு எல்லம்மா. எல்லைப் பிரதேசமாதலால் பாஷைக்கொரு சாமி இருக்கிறது. கயிறு மட்டும் எல்லோருக்கும் ஒரே நூற்கண்டிலிருந்து வருகிறது.

"இதில் என்ன கெடுதி? குடிக்கிறவன் நிறுத்தினால் நல்லதுதானே! சாமி பேரால் நிறுத்தினால் என்ன, ஆசாமி பேரால் நிறுத்தினால் என்ன? இதிலுமா உங்கள் பகுத்தறிவு மூக்கை நுழைக்க வேண்டும்?" என்று நமது இயக்கத்தில் அனுதாபமுள்ள சில கனவான்களே என்னைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறேன். அந்தக் கயிறு ஆளைக் கொல்லும். உபமானமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கொல்லும். நான் பார்த்தேன்.

2011ஆம் வருஷம். என் சித்தப்பா மகன், எனக்கு மூத்தவர், ஓசூரில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை. கை தேர்ந்த வேலைக்காரர். ஆனால் காலையில் பல் துலக்குமுன் குடித்தாக வேண்டும். குடிக்காவிட்டால் கை நடுங்கும், அளவு பார்க்கும் கருவியைப் பிடிக்க முடியாது. கடை திறக்கும் வரையில் தாங்காது என்று இரவே ஒரு புட்டியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பார். அண்ணி அழுதாள், ஊரார் சிரித்தார்கள், முதலாளி எச்சரித்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அழைத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டிவிட்டார்கள்.

அன்று இரவு வேர்த்துக் கொட்டியது, தூக்கமில்லை. மறுநாள் கை கால் இழுத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளியது. பூசாரி வந்து பார்த்து, "பயப்படாதீர்கள், உள்ளே இருந்த கெட்டது வெளியே போகிறது" என்றான். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று துடைத்தார். செத்துப்போன தாயாரோடு பேசினார். "சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று இருட்டில் எழுந்தோடினார். நாலு பேர் பிடித்துத் தூணில் கட்டினார்கள். வேப்பிலை அடித்தார்கள். சத்தியத்தை மனசுக்குள் மீறியிருக்கிறான், சாமி குத்தம் என்றார்கள். விடியுமுன் பிராணன் போய்விட்டது. ஊர் முழுவதும் சொன்ன வார்த்தை, "சாமி சொன்னபடி கொண்டு போய்விட்டது" என்பதே. அந்தக் கோயிலுக்கு அதன்பிறகு கூட்டம் அதிகமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இதில் என் யோக்கியதையையும் மறைக்க நான் விரும்பவில்லை. நான் அப்பொழுதே இயக்கத்தில் இருந்தவன். அந்த ராத்திரி நானும் அந்த வீட்டில் நின்றேன். பேயும் இல்லை, சாமியும் இல்லை என்று கத்தினேன். பின்னே என்ன என்று ஒரு கிழவி கேட்டாள். "எல்லாம் நடிப்பு, ஒரு கிளாஸ் வாங்குவதற்காகப் போடுகிற வேஷம்" என்று பதில் சொன்னேன். பூசாரி சொன்னதும் பொய், நான் சொன்னதும் பொய். பத்து மைல் தூரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்க, அவன் வேப்பிலையோடு நின்றான், நான் வாய்ப்பேச்சோடு நின்றேன். பேய் இல்லை என்று சொல்லத் தெரிந்தால் மட்டும் போதாது, பின்னே என்ன என்று கேட்கிற கிழவிக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத நான் அதன்பிறகு டாக்டர்களைக் கேட்டும் புஸ்தகங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சரிவில் இறங்குகிற மாட்டு வண்டிக்குத் தடைக்கட்டை போடுகிறோம். மூளைக்குச் சாராயம் ஒரு தடைக்கட்டை. அது நரம்புகளின் வேகத்தைக் குறைத்து மயக்கத்தைத் தருகிறது. தினந்தோறும், வருஷக் கணக்கில், இந்தக் கட்டையைப் போட்டுக்கொண்டேயிருந்தால் மூளை சும்மா இருக்குமா? கட்டையோடேயே வண்டி ஓட வேண்டியிருப்பதால் மாடுகளை இன்னும் முடுக்குகிறது. காபா என்ற அடக்குகிற சரக்கின் வேலை குறைகிறது, குளூட்டமேட் என்ற முடுக்குகிற சரக்கின் வேலை ஏறுகிறது. இந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கட்டையை வெடுக்கென்று பிடுங்கினால் என்னவாகும்? முடுக்கின மாடுகள் வண்டியைக் கவிழ்க்கும்.

கடைசியாகக் குடித்த ஆறு மணியிலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் வேர்வையும் வரும். பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாள் முடிவிலிருந்து நாலாவது நாள் வரையில் சிலருக்குப் புத்தி கலங்கி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். இதற்கு 1813ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் தாமஸ் சட்டன் என்ற வைத்தியர் டெலிரியம் டிரெமென்ஸ் என்று பெயர் வைத்துப் புஸ்தகம் எழுதிவிட்டார். வைத்தியமில்லாதபோது இதில் மூன்றிலொருவர் வரையில்கூட இறந்ததுண்டு. தக்க வைத்தியம் நடந்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அந்த வைத்தியமும் ராஜ வைத்தியமல்ல. லோராஸிபாம், டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு என்ற மாத்திரைகளில் ஒன்றை டாக்டர் அளவறிந்து கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கிறார். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. சாப்பாட்டை விட்டுச் சாராயத்தில் வாழ்கிறவன் உடம்பில் அந்த வைட்டமின் வற்றிவிடுகிறது. அதைக் கொடுக்காமல் வெறும் குளூக்கோஸை ஏற்றினால்கூட மூளை கெட்டு, ஞாபகசக்தி அடியோடு போவதுண்டு. எல்லாம் சேர்த்தும் தட்சிணை, கோழி, பொங்கல், பேயோட்டுகிறவன் கூலி ஆகியவற்றை விடக் குறைந்த செலவுதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதுவுமில்லை.

இது சாமியின் வேலையல்ல என்பதற்கு அத்தாட்சி வேண்டுமா? கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற குடிகாரனுக்கும் மூன்றாம் நாள் இதே பூச்சியும் இதே கூச்சலும் வருகின்றன. அவன் எந்தக் கோயிலில் சத்தியம் செய்தான்? லாக்கப்பில் அடைத்தவனுக்கும் வருகிறது. முனியப்பனைக் கேள்விப்பட்டேயிராத இங்கிலாந்துக்காரனுக்கும் வருகிறது.

"கயிறு கட்டி நிறுத்தினவர்கள் இல்லையா? எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்களே!" என்பார்கள். இருப்பார்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குடிக்கிறவன், உடம்பில் இன்னும் ஊறாதவன், கயிறு கட்டினாலும் நிறுத்துவான், பெண்சாதி தாய்வீடு போனாலும் நிறுத்துவான், ஒரு நாள் வாந்தி எடுத்தாலும் நிறுத்துவான். அவனைக் கோயில் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுகிறது. நாற்பத்தெட்டு நாள் மாலை போட்டு, மாலை கழற்றின அன்றைக்கே கடைக்குப் போகிறவனை அவன் பலவீனத்தின் கணக்கில் எழுதுகிறது. செத்தவனைச் சாமி குத்தத்தின் கணக்கில் எழுதுகிறது. வரவு மட்டும் எழுதிப் பற்று எழுதாத இந்தக் கணக்குப் புஸ்தகத்தை எந்த மளிகைக் கடைக்காரனாவது ஒப்புக்கொள்ளுவானா?

மேலும், எந்தச் சாமியின் பேரால் குடியை நிறுத்தச் சொல்லுகிறார்கள் என்றாவது பார்க்க வேண்டாமா? முனிக்கும் கருப்புக்கும் படையலில் சாராயமும் சுருட்டும் வைக்கிறோம். உஜ்ஜயினியில் காலபைரவனுக்குச் சாராயந்தான் நைவேத்தியம். வேதத்தை எடுத்தால், ரிக் வேதத்தின் ஒன்பதாவது மண்டலம் முழுவதும் சோமபானத்தின் புகழ். குடிக்கிற சாமியிடத்தில் போய்க் குடியை நிறுத்து என்று கேட்பது, திருடனிடத்தில் சாவியைக் கொடுத்து வீட்டைப் பார்த்துக்கொள் என்பதைப் போன்றது. இதில் கயிறு கட்டுகிறவன் பெரும்பாலும் பார்ப்பானும் அல்ல, நம்மவன்தான் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்ளுகிறேன்.

இன்னொரு கொடுமை. புருஷன் குடித்தால் மருமகள் வந்த ராசி என்கிறார்கள். அவள் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார்கள். அவளோ, யாருக்கும் தெரியாமல் குழம்பில் கலந்து போடச் சொல்லி விற்கிற பொட்டலத்தை, தாலிக் குண்டுமணியை அடகு வைத்து வாங்குகிறாள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது. டைசல்பிராம் என்ற மருந்தை அரைத்துக் கலந்திருந்தால், அதன்மேல் ஒருவன் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி, வாந்தியும் மூச்சுத் திணறலும் கண்டு, இருதயம் பலவீனமானவன் சாகவுங்கூடும். நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டிய மருந்து அது. திருட்டுத்தனமாகக் கொடுக்கிற மருந்தல்ல.

நிற்க, சர்க்கார் கட்டுகிற கயிறு ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டம் என்று பெயர். அதைப் பற்றிப் பேச நம்முடைய ஜில்லாவை விடத் தகுதியான இடம் வேறு கிடையாது. இந்த மாகாணத்தில் முதல் முதல் மதுவிலக்கு வந்தது 1937ஆம் வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி, சேலம் ஜில்லாவில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் ஜில்லாதான். கொண்டுவந்த முதல் மந்திரி ராஜகோபாலாச்சாரியார் பிறந்ததும் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில். போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கை யுத்த காலத்தில் நிறுத்தினார்கள், 1948இல் மாகாணம் முழுவதும் போட்டார்கள், 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் திறந்தார்கள், 2003இல் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. 2023-24இல் மட்டும் அந்தக் கடைகளின் மூலம் சர்க்காருக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை தரம் கதவைத் திறந்து மூடினவர்கள், கதவுக்கு வெளியே கை நடுங்கிக்கொண்டு நிற்கிறவனின் உடம்பை எத்தனை தரம் பார்த்தார்கள்?

அதன் பலனை நம் எல்லையிலேயே பார்த்தோம். 2007ஆம் வருஷம் ஜூலை 1ஆம் தேதி முதல் கர்நாடக சர்க்கார் சாராயத்தைத் தடை செய்தது. பணக்காரன் குடிக்கிற விஸ்கிக்கும் பிராந்திக்கும் தடையில்லை. கூலிக்காரன் குடிக்கிற மலிவான பாக்கெட்டுக்கு மட்டும் தடை. தினமும் அதைக் குடித்து ஊறின உடம்புகள் மறுநாள் காலையில் என்ன செய்யும் என்று யார் யோசித்தார்கள்? வருஷம் முடியவில்லை. 2008 மே மாதம், பெங்களூர், கோலார் பக்கத்துக் கிராமங்களிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் நம் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் கள்ளச் சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால் என்ற மரச் சாராயம். சாயத்துக்கும் வார்னிஷுக்கும் ஆலைகளுக்கும் வேண்டிய ரசாயனம். மணத்திலும் ருசியிலும் சாராயம் போலவே இருக்கும். ஈரலில் போய் முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. எறும்பு கடித்தால் சுரீரென்கிற அந்த அமிலந்தான். அது கண் நரம்பைத் தின்று, ரத்தத்தைப் புளிக்க வைத்து, மூச்சை நிறுத்துகிறது. பத்து மில்லி கண்ணைக் குருடாக்கப் போதும், முப்பது மில்லி உயிரைக் குடிக்கப் போதும். விஷம் வேலை செய்ய அரை நாள், ஒரு நாள்கூட ஆவதால், குடித்தவன் போதை தெளியவில்லையென்று வீட்டில் படுத்துக்கொள்ளுகிறான். பார்வை மங்கி, எல்லாம் பனி மூடினாற்போல் தெரிகிறது என்று சொல்லுகிறபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கினால் பொமெபிஸோல் என்ற மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் பலரைக் காப்பாற்றும். அந்த நேரத்தில் திருநீறு போட்டால்?

செத்தவர்கள் யார்? கூலிகள். அவர்கள் வீடுகளில் சொன்னது என்ன? "தலையெழுத்து." இதே தலையெழுத்து 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் எழுதப்பட்டது. இந்தப் பிரம்மா ஏன் எப்பொழுதும் மலிவான பாக்கெட் வாங்குகிறவன் தலையிலேயே எழுதுகிறான்? மெத்தனாலை விற்றவனுக்கு லாபம் எழுதினவன் யார், கண்டும் காணாமலிருந்த அதிகாரிக்குக் கையூட்டு எழுதினவன் யார்? விதி என்று சொன்ன நிமிஷத்திலேயே கொலைக்காரனுக்கு விடுதலைத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சட்டமே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. விஷம் விற்கிறவனைப் பிடிக்கச் சட்டம் வேண்டியதுதான். உடம்பு கேட்கிறவனுக்கு வைத்தியத்தைக் காட்டாமல் வழியை மட்டும் அடைத்தால் அவன் வார்னிஷையும் குடிப்பான் என்பதே என் வாதம். பூசாரியின் கயிறும் சர்க்காரின் கயிறும் செய்கிற தப்பு ஒன்றே. இரண்டும் அவனை உடம்பில்லாதவனாக நினைக்கின்றன.

நம் தோழர்களும் இதில் குற்றவாளிகளே. மேடையேறினால் குடிகாரனை மானங்கெட்டவன், மிருகம் என்று பேசுகிறோம். கைதட்டல் கிடைக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கிற குடிகாரன் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகிறானா, இருட்டில் போய் இன்னும் குடிக்கிறானா? 2019இல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியார் மத்திய சர்க்காருக்காக எடுத்த கணக்கில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவனுக்குத்தான் ஏதாவதொரு வைத்தியம் கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் எங்கே போனார்கள்? 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வருகிற கேட்டை நோயென்றே ஒப்புக்கொண்டு, அப்படிப்பட்டவனைச் சங்கிலியில் கட்டுவதையும் தடுத்திருக்கிறது. சங்கிலி என்றதும், 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்கா மகிமையால் குணமாக வேண்டுமென்று கட்டிப் போட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் வெந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலென்றும் தர்காவென்றும் தூணுக்கு வித்தியாசம் தெரியாது.

கஞ்சா, வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளுதல், பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிற புகையிலைப் பொட்டலம் ஆகியவற்றைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அபின் வகை மாத்திரையைச் சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுவிடும். அங்கும் கயிறு கழற்றுகிற நாள்தான் எமன்.

போன வருஷம் என் அண்ணி மறுபடி வந்தாள். மகனுக்கு இருபத்தாறு வயசு. ஆலையில் காண்டிராக்ட் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. தகப்பனைப் போலவே தலையணைக்கடியில் புட்டி. "அமாவாசைக்கு அழைத்துப் போகட்டுமா?" என்று என்னிடமே கேட்டாள். நான் அவளைக் கோபிக்கவில்லை. வேறு வழியை அவளுக்கு யார் சொன்னார்கள்? பையனை உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டேன். "காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? குடித்தால் நிற்கிறதா?" தலையை ஆட்டினான். "அப்படியானால் இன்றைக்கு நீயாக நிறுத்தாதே, நாளைக் காலை என்னோடு வா" என்றேன். பகுத்தறிவுக்காரன் வாயிலிருந்து "நிறுத்தாதே" என்ற வார்த்தை வந்ததைக் கேட்டு அண்ணி திகைத்துப் போனாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் நடுங்கினான், வேர்த்தான், மாத்திரையில் அடங்கிற்று. மூன்றாம் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை. அவன் தூங்கினான். பிறகு இரண்டு தரம் தவறிக் குடித்தான், இரண்டு தரமும் தானே திரும்பிப் போனான். டாக்டர் அவனைத் திட்டவில்லை. சர்க்கரை நோய்க்காரன் ஒருநாள் லட்டு தின்றால் திட்டித் துரத்துவார்களா என்று என்னைக் கேட்டார்.

ஆகவே, வருகிற அமாவாசை முதல், பூசாரிக்குப் பக்கத்திலேயே நம் தோழர்கள் துண்டுப் பிரசுரத்தோடு நிற்பதென்று ஏற்பாடு செய்திருக்கிறோம். சண்டை வேண்டாம், சாமியைத் திட்டவும் வேண்டாம். அதற்கு வேறு நாள் இருக்கிறது. வரிசையில் நிற்கிறவனிடம் அந்த ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். கை நடுங்குகிறது என்றால், முன்பு வலிப்பு வந்தது என்றால், வீட்டில் வைத்து நிறுத்தக்கூடாது, சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்ல வேண்டும். போதை மறுப்பு ஆலோசனைக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, வலிப்போ பிதற்றலோ கண்டுவிட்டால் 108. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரந்தான், அங்கே போதை நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பிரசுரம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அச்சாகிறது. கன்னடப் பிழை பார்க்க ஒரு தோழர் வேண்டும், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.